நாலந்தா ஏற்றத்தில் தட்டுவது யார்?

“என்னைக் கொல்லப் பாக்குறாங்க” என்றார் இத்ரூஸ்.

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உங்களுக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்பதுபோல் நாற்காலி முனகியது.

“யாரு?” என்று கேட்டார் ஸக்கரியா.

“அது தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வாரேன்?”

நியாயமான கேள்விதான். ஸக்கரியா அதையும் குறித்துக்கொண்டார்.

மாத்தளைக் கடைத்தெருவில், மிளகுக் கடை மாடியில், ‘ஸக்கரியா – இரகசிய விசாரணை’ என்று ஆறடிப் பலகை தொங்கியது. ஊருக்கே தெரிந்த இரகசியம். பதினெட்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். வேலை போனதும் காக்கிக் கோட்டின் பித்தளைப் பொத்தான்களைப் பிடுங்கிவிட்டுக் கறுப்புப் பொத்தான் தைத்துக்கொண்டார். அன்றிலிருந்து துப்பறிவாளர். அவருடைய உதவியாள் மாடசாமிக்கு முப்பத்திரண்டு வயது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, ஒன்பது வருடம் லொறிக் கிளீனராக ஓடியவன். மூன்று லொறி முதலாளிகள் அவனை நிறுத்தினார்கள். மூன்று பேரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: வேலை சுத்தம், வாய் நீளம்.

வந்திருந்தவரை இருவருக்கும் தெரியும். தெரியாமல் எப்படி? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் வருடம் அது, இலங்கையில் அரிசிப் பஞ்ச காலம். இரண்டு கொத்துக்கு, சுமார் இரண்டு கிலோவுக்கு மேல் அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனால் குற்றம். தெருவை மறித்துக் கட்டை போட்டு, பஸ்ஸை நிறுத்தி, பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். மாத்தளைப் பக்கத்துக் கட்டைகளுக்கெல்லாம் அதிகாரி இத்ரூஸ். சொந்தச் சாச்சா, அப்பாவின் தம்பி, கொண்டுவந்த மூன்றாவது கொத்தைப் பறித்துக்கொண்டு, அதற்கு ரசீதும் எழுதிக் கொடுத்தவர் என்று பெயர்.

“அரிசி கடத்துறவனுங்கதான்” என்றார் இத்ரூஸ். “என்ட காருக்கு ஏதோ செஞ்சிருக்கானுங்க. ஒவ்வொரு வியாழக்கிழமையும் கலேவெலைக்குப் போறேன், அங்கத்தைய கட்டையைப் பாக்க. போகக்குள்ள ஒண்டுமில்ல. திரும்பி வரக்குள்ள, நாலந்தா ஏத்தத்துல, எஞ்சினுக்குள்ள ஒருத்தன் இருந்து தட்டுறான்.”

“உள்ள இருந்தா தட்டுறான்?” என்றான் மாடசாமி. “அப்ப வெளிய வரத்தான் கேக்குறான் சேர்.”

இத்ரூஸ் அவனைப் பார்த்தார். பிறகு ஸக்கரியாவைப் பார்த்தார். ஸக்கரியா கூரையைப் பார்த்தார்.

“ரெண்டு கராஜில காட்டினேன். ஒருத்தன் ஒண்டுமில்லங்கிறான். மத்தவன் எஞ்சினைக் கழட்டி மேசையில வைக்கணும்ங்கிறான்.”

“மேசையில வச்சா தட்டாதுங்க. அது நிச்சயம்.”

“மாடசாமி, வாயைப் பொத்து” என்றார் ஸக்கரியா. “சேர், உங்களுக்கு யார் மேல சந்தேகம்?”

“டிரைவர் மேல. அழகமுத்து. பதினொரு வருசமா என்னோட இருக்கான். காசைக் காட்டினா யாரும் மாறுவாங்க. இந்த வியாழனுக்குள்ள உண்மை தெரியல்லயெண்டா அவனை நிப்பாட்டிட்டுப் பொலிசுல ஒப்படைக்கிறேன்.”

மாடசாமியின் வாய் தானாகவே பொத்திக்கொண்டது. அழகமுத்துவை அவனுக்குத் தெரியும். அவனுடைய அக்கா சுந்தரம்மா இருக்கிற தோட்டத்தில், அதே லயத்தில்தான் அழகமுத்துவின் குடும்பமும் இருந்தது. யாராவது காலை மிதித்துவிட்டாலும் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒருவரைக் கொல்ல முடிவெடுத்தால், முதலில் அனுமதிக் கடிதம் எழுதுவார்.

கார் கீழே நின்றது. கறுப்பு நிற ஆஸ்டின் ஏ-நாற்பது. இருபத்திரண்டு வயதானாலும் கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்திருந்தார் அழகமுத்து. வெள்ளைச் சட்டையும் நரைத்த மீசையுமாகப் பக்கத்தில் நின்றார்.

“அண்ணே, பொனெட்டத் தூக்குங்க” என்றான் மாடசாமி.

எஞ்சின் ஓடியது. நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினில் அழுத்தி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டான். வைத்தியர் குழாய் வைக்கிற மாதிரி மேலே, கீழே, பக்கவாட்டில் என்று ஒவ்வோர் இடமாகக் கேட்டான். பிறகு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சத்தம் மாறுகிறதா என்று பார்த்தான். மாறுவதற்குச் சத்தம் இருந்தால்தானே.

“என்ன செல்லுது?” என்றார் ஸக்கரியா. எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது முன்பக்கம் இருக்கும் என்பது மட்டும்தான்.

“நானா” என்றான் மாடசாமி; ஸக்கரியாவுக்கு அவன் வைத்த ‘அண்ணே’ அது. “தட்டுறதுல மூணு சாதி. பெயரிங் தேஞ்சா, டொங் டொங்னு அடி வயித்துல இருந்து வரும். ஒரு பிளக்கை நிப்பாட்டினா அடங்கும். டெப்பட் லூசுன்னா, தையல் மெசின் மாதிரி மேல டிக்டிக்குன்னு கேக்கும். இதுல ரெண்டும் இல்ல.”

“மூணாவது?”

“மூணாவது, நோவு இல்லாமயே கத்துறது. அது இங்க நிண்டு கேட்டாத் தெரியாது. ஏத்தத்துல கேக்கணும்.”

பிறகு காருக்கு அடியில் படுத்தான். படுத்தவன் கொஞ்ச நேரம் எழும்பவில்லை. பின்சில்லுக்கு மேலே பாரம் தாங்கும் வில்லுத் தட்டுகளில் ஒன்று புத்தம் புதிது. இரண்டு பக்கமும், பழைய தட்டுகளோடு கூடுதலாக ஒவ்வொரு தட்டுச் சேர்த்துப் போட்டிருந்தது.

“அண்ணே, இது எப்பப் போட்டது?”

“ரோடு ரொம்ப மோசம் தம்பி” என்றார் அழகமுத்து, கையிலிருந்த துணியை நாலாக மடித்தபடி.

“மோசமான ரோடு பின்சில்லுக்கு மட்டும் வருதா?”

அழகமுத்து துணியை எட்டாக மடித்தார்.

வியாழக்கிழமை காலை நான்கு பேரும் புறப்பட்டார்கள். அழகமுத்து ஸ்டீரிங்கில், பக்கத்தில் மாடசாமி. பின்சீட்டின் முக்கால் பங்கில் இத்ரூஸ், மீதியில் ஸக்கரியா.

மாத்தளையிலிருந்து வடக்கே போகும்போது நாலந்தா இறக்கம். கீழே வந்ததும் ஸக்கரியா, “திருப்பு” என்றார்.

“எங்க?” என்றார் இத்ரூஸ்.

“திரும்பி மேல ஏறணும். தட்டுதா பாக்கணும்.”

ஏறினார்கள். எஞ்சின் கொஞ்சம் பெருமூச்சு விட்டதே தவிர ஒரு தட்டும் இல்லை. இறங்கினார்கள். மறுபடி ஏறினார்கள். மூன்றாம் தடவை ஏறியபோது தெருவோரத்தில் ரம்புட்டான் விற்ற பெண் இவர்களைப் பார்த்துக் கையசைத்தாள். எஞ்சின் நன்றாகச் சுட்டிருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

“பாத்தீங்களா? இப்ப நல்ல பிள்ளை” என்றார் இத்ரூஸ் கோபமாக. “வரக்குள்ளதான் அதுக்குப் பேய் பிடிக்கிது.”

கலேவெலையில் அவர் கட்டையைப் பார்வையிட்டு, ஒரு கிழவரிடம் கூடுதலாக இருந்த முக்கால் கொத்து அரிசியைப் பறித்து, பதினொன்றரை மணிக்கெல்லாம் அன்றைய கடமையை முடித்தார். பகல் சாப்பாடு வழக்கம்போல அவருடைய மனைவியின் மூத்த சகோதரி மஸீனா வீட்டில். பத்து ஏக்கர் வயலும் நான்கு எருமையும் உரத்த குரலும் உள்ள பெண்மணி மஸீனா.

“வாங்க மச்சான். இவங்க யாரு? கண்டுபிடிக்கிற ஆக்களா? ரெண்டு பேரும் எவ்வளவு மெலிஞ்சிருக்கீங்க! இருங்க, இருங்க.”

சோறு, கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. கார் வீட்டின் பின்பக்கம், கழுவுவதற்காகப் போயிருந்தது. மாடசாமி கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினான்.

“எங்க தம்பி?”

“காரைப் பாக்க.”

“கார் ஓடிப் போகாது. பொரிச்ச கோழி வருது.”

கோழி வந்தது. தின்றுவிட்டு எழும்பினான். வட்டிலப்பம் வந்தது. எழும்பினான். வாழைப்பழம் வந்தது. நான்காவது தடவை அவன் எழும்ப நினைத்தாலும் வயிறு விடவில்லை. இத்ரூஸ் பாயில் சரிந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஸக்கரியா விரலை நக்கியபடி, “இந்த வீட்டுல சந்தேகத்துக்கு ஒண்டும் இல்ல” என்று தீர்ப்புச் சொன்னார்.

மாடசாமிக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

பிற்பகல் மூன்று மணி. நாலந்தா ஏற்றம் தொடங்கியது.

முதல் வளைவில் எஞ்சின் முக்கியது. இரண்டாவது வளைவில் ஆரம்பித்தது. தகரப் பேணிக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல, கலகலகலவென்று ஒரு தட்டல். ஏற ஏறக் கூடியது.

“கேக்குதா? கேக்குதா?” இத்ரூஸின் முகத்தில் பெருமை பொங்கியது. தன் மகன் பள்ளிக்கூட மேடையில் பாடுவதைக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“கேக்குது சேர். ஆனா கொலைகாரன் இல்ல” என்றான் மாடசாமி. “இதுதான் மூணாவது சாதி. எஞ்சினுக்கு நோவு இல்ல. சக்திக்கு மேல வேலை குடுத்தா, வெடிக்க வேண்டிய நேரத்துக்கு முந்தியே வெடிச்சுப் புலம்பும்.”

“காலையிலயும் இதே ஏத்தம்தானே? இதே பெற்றோல்தானே?”

“அதேதாங்க.”

ஸக்கரியாவின் கண்கள் பாதி மூடின. பஸ்ஸின் பின்படியில் நின்று முன்சீட்டுக்காரனின் டிக்கெட் பழையதென்று கண்டுபிடித்த காலத்துக் கண்கள் அவை. மாடசாமி அவற்றை இரண்டு வருடத்தில் இன்றுதான் பார்த்தான்.

“அழகமுத்து, நிப்பாட்டு. மாடசாமி, எறங்கு. காரைப் பின்னுக்கு விட்டுத் திரும்ப ஏத்து.”

மாடசாமி இறங்கினான். கார் கீழே போய் மறுபடி ஏறியது. தட்டியது.

“இப்ப நானும் எறங்குறேன்.”

தட்டியது.

“சேர், குறை நினைக்காதீங்க. நீங்களும்.”

இத்ரூஸ் இறங்கினார். இறங்கும்போது தொப்பி கூரையில் இடித்துக் கீழே விழுந்தது. “வரக்குள்ள எப்பவும் இப்படித்தான்” என்று முணுமுணுத்தபடி எடுத்துத் தட்டினார். “போகக்குள்ள முட்டுறதில்ல. கலேவெலத் தண்ணிக்கு மனுசன் வளருறானோ என்னமோ.”

மூன்று பேரும் தெருவோரத்தில் நிற்க, அழகமுத்து மட்டும் இருந்த கார் மெதுவாக ஏறி வந்தது. கலகலகலகல.

ஸக்கரியா மூக்குப்பொடியை எடுத்து நிதானமாக உறிஞ்சினார்.

“காலையில நாலு பேர் ஏறினோம். கத்தல்ல. இப்ப ஒருத்தன் ஏறுறான். கத்துது. பதினெட்டு வருசம் பஸ்ஸுல நான் செஞ்ச வேலை இதுதான். தலையை எண்ணுவேன், டிக்கெட்டை எண்ணுவேன். ரெண்டும் சரியா இருந்தும் பஸ் ஒரு பக்கம் சரிஞ்சா, ஒருத்தன் சீட்டுக்கடியில படுத்திருக்கான்னு அர்த்தம். இந்தக் காருல டிக்கெட் எடுக்காத அஞ்சு பேர் வாராங்க. அவங்க…”

“நானா” என்றான் மாடசாமி, அவர் கையைப் பிடித்து.

அவன் கார்க் கண்ணாடிக்கு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டீரிங்குக்குப் பின்னால் அழகமுத்து துணியைப் பதினாறாக மடித்துக்கொண்டிருந்தார். புது வில்லுத் தட்டு, வட்டிலப்பம், இடிக்கிற தொப்பி எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன. கூடவே போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனதும் நினைவுக்கு வந்தது. சுந்தரம்மா அவன் முன்னால் வெள்ளைச் சோறு வைத்தாள். ரேஷன் மாவே கிடைக்காத நேரத்தில் சோறு. எங்கேயிருந்து என்று கேட்டதற்கு, “சாப்பிடு. கேக்காத” என்றாள்.

“நானா, வேணாம்” என்று காதோடு சொன்னான். “தோட்டத்துக்குப் போற அரிசி.”

ஸக்கரியா திறந்த வாயோடு நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வழக்கு அவர் கையில் முழுசாகப் பிடிபட்டிருந்தது. அதை விழுங்குவது சின்னக் காரியமல்ல.

“அவங்க?” என்றார் இத்ரூஸ்.

“அவங்க… காத்து” என்றார் ஸக்கரியா. “எதிர்க்காத்து. பாரமான காத்து.”

“கரி பிடிச்சிருக்குங்க சேர்” என்று மாடசாமி பாய்ந்தான். “எஞ்சின் தலைக்குள்ள. நான் சுரண்டிக் குடுத்துர்றேன். அழகமுத்து அண்ணனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

இத்ரூஸ் கார்ப் பக்கம் நடந்தார்.

“மாடசாமி” என்றார் திரும்பாமலே. “ஏத்தத்துல லொறி முக்குறதைக் கேட்டே உள்ள எத்தனை மூட்டைன்னு செல்லுவேன் நான். தேங்காய்க்குக் கீழ அரிசி கொண்டுவந்தவனை, அவன் லொறி வளைவுல வரக்குள்ளயே பிடிச்சவன். என்ட சொந்தக் காரு முக்குறது மட்டும் எனக்கு விளங்கல்ல.”

பின்கதவைத் திறந்து, தான் உட்கார்ந்து வந்த சீட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். சீட்டு வந்துவிட்டது.

கீழே ஸ்பிரிங் எதுவும் தெரியவில்லை. நீள நீளமாகத் தலையணைகள் அடுக்கியிருந்தன. சாய்மானத்துக்குப் பின்னாலும் தலையணைகள். டிக்கியின் பாய்க்குக் கீழும் தலையணைகள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே அரிசி சரசரத்தது.

“நான்தான் சேர்” என்றார் அழகமுத்து. காரிலிருந்து இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “பத்துப் புசல் அரிசி, நாலு மூட்டை. வேற யாருக்கும் தெரியாது.”

“உனக்குத் தைக்கத் தெரியுமா?”

“இல்லங்க.”

“இது நான் உடுத்துற சாரம்” என்றார் இத்ரூஸ், தலையணை உறையை விரலால் தடவி. “போன நோன்பு மாசம் காணாமப் போன சாரம். மூலைக்கு மூலை மூணு மடிப்புப் போட்டுத் தைக்கிறது மாத்தளையில ஒரே ஒரு பொம்புளை. அவளை நான் கட்டி இருபத்தஞ்சு வருசம்.”

இத்ரூஸ் தோல்பையைத் திறந்து கைப்பற்றல் படிவத்தை எடுத்தார். காரின் மூக்கில் வைத்து எழுதத் தொடங்கினார். மாடசாமி எட்டிப் பார்த்தான். வாகனச் சொந்தக்காரர்: இத்ரூஸ். வாகனத்தில் பயணம் செய்தவர்: இத்ரூஸ். கைப்பற்றிய அதிகாரி: இத்ரூஸ். ஒவ்வோர் இடத்திலும் அதே அழகான கையெழுத்து.

“சாட்சி ரெண்டு பேர் வேணும்.”

“நாங்க இருக்கோமே” என்றார் ஸக்கரியா, பழக்கதோஷத்தில். மாடசாமி அவர் காலை மிதித்தான்.

“அரிசி கொண்டுபோகப்பட இருந்த இடம்?” என்று படிவத்தைப் படித்தார் இத்ரூஸ்.

அழகமுத்து தலையைக் குனிந்துகொண்டார். மாடசாமிதான் பேசினான். விளையாட்டுப் பேச்சு எதுவும் அவன் வாயில் மிச்சமிருக்கவில்லை.

“எங்க தோட்டத்து லயம். எழுதுங்க சேர். கிழமைக்கு ரெண்டு நாள் வேலை. மாவு பாதியாக் கொறைச்சாச்சு. சித்திரையில ஒரே லயத்துல ரெண்டு புள்ளைங்க செத்துச்சு. காச்சல்னு எழுதினாங்க. காச்சல் இல்ல. மரவள்ளிக் கெழங்குத் தோலைக்கூட அவிச்சுத் தின்னு முடிச்சிட்டாங்க. அஞ்சாம் நம்பர் காம்பராவுல எங்க அக்கா சுந்தரம்மா, மூணு புள்ளைங்க. அவங்க பேரையும் எழுதிக்குங்க. நானும் போன மாசம் அங்க ஒரு தட்டுச் சோறு தின்னேன். அதையும் எழுதுங்க.”

பேனா காகிதத்துக்கு மேல் நின்றது. கீழே இறங்கவில்லை.

இத்ரூஸ் படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். சீட்டைத் தூக்கிப் பழைய இடத்தில் பொருத்தினார். அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்.

“முன்னால நம்மட கட்டை இருக்கு” என்றார். “அங்க சோதிக்கட்டும். சட்டம் என்ன செல்லுதோ அதுப்படி நடக்கட்டும்.”

நகரத்துக்கு நாலு மைல் முன்னால் கட்டை. தூரத்தில் காரைக் கண்டதுமே காவலாளி ரவூப் பாய்ந்து கட்டையைத் தூக்கிவிட்டு, விறைத்துச் சல்யூட் அடித்தான்.

“ரவூப்” என்றார் இத்ரூஸ். “காரைச் சோதி.”

“சேர்?”

“சோதிக்கச் சென்னேன்.”

ரவூப் கண்ணாடி வழியே குனிந்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். அழகமுத்துவைப் பார்த்தான், மாடசாமியைப் பார்த்தான், அதிகாரியின் முழங்கால் வரைக்கும் வந்து, அதற்கு மேல் போகப் பயந்து நிமிர்ந்தான்.

“சோதிச்சிட்டேன் சேர்.”

“என்ன இருக்கு?”

“சேர்தான் இருக்கீங்க.”

“வேற?”

“வேற ஒண்டும் இல்ல சேர்! சத்தியமா இல்ல!”

இத்ரூஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக இந்தக் கட்டை தனக்கு எப்படித் திறந்தது என்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறவர் போல இருந்தார். பிறகு, “போ” என்றார் அழகமுத்துவிடம்.

இத்ரூஸின் வீட்டு வாசலில் அவர் மனைவி நூருன்னிஸா நின்றாள். மெலிந்த, சுறுசுறுப்பான பெண். காரைப் பார்த்தாள், கணவனின் முகத்தைப் பார்த்தாள், எல்லாம் விளங்கிவிட்டது.

“தேத்தண்ணி ஊத்துறேன்” என்றாள். “எல்லாரும் உள்ள வாங்க. அழகமுத்து, நீயும் வா.”

தேநீர் வந்தது. இத்ரூஸ் தொடவில்லை.

“எவ்வளவு காலமா?”

“ஏழு மாசம்.”

“ஏன் என்ட காரு?”

“மாத்தளையில யாரும் சோதிக்காத காரு அது ஒண்டுதானே.”

“அரிசிக்கு மேல என்னை உக்கார வச்சியே, அது ஏன்?”

“உங்களை எழும்பச் செல்ல யாருக்குத் தைரியம் இருக்கு?”

மாடசாமி தேநீரில் புரையேறி இருமினான். அவள் இன்னொரு தடவை ஊற்றிக் கொடுத்துவிட்டு, கணவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். குரலில் இப்போது குறும்பு இல்லை.

“அழகமுத்துட பேத்தி செத்தப்ப, ஒரு நாள் லீவு கேட்டான். நீங்க குடுத்தீங்க. என்ன நோவுன்னு நீங்க கேக்கல்ல. நான் கேட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம். இனி எழுதிக் குடுக்கிறதெண்டா எழுதிக் குடுங்க. என்ட பேரை முதல்ல எழுதுங்க. மஸீனா ராத்தாட பேரை எழுத வேணாம், அவ கோர்ட்டுலயும் எல்லாருக்கும் சோறு போட நிப்பா.”

இத்ரூஸ் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். ஸக்கரியா தொண்டையைச் செருமினார்.

“எப்படியோ நாங்க கண்டுபிடிச்சிட்டோம் தங்கச்சி. ஒளிச்சு வைக்க ஏலாது. ஸக்கரியான்னா ஸக்கரியாதான்.”

“அதுதான் நானா எனக்கு விளங்கல்ல” என்றாள் நூருன்னிஸா, உண்மையான வருத்தத்தோடு. “இவர் துப்பறிவாளர் ஒருத்தர் வேணும்னு நிண்டப்ப உங்கட பேரைச் சென்னதே நான்தான். ஊரெல்லாம் விசாரிச்சுப் பாத்துத்தான் சென்னேன். நாச்சியா வீட்டு ஆட்டை மூணு மாசம் தேடினீங்களாம். கடைசியில ஆடு வந்து உங்களைக் கண்டுபிடிச்சதாம். அதைக் கேட்ட பொறகு நான் வேற ஆளை விசாரிக்கவே இல்ல.”

ஸக்கரியாவின் கை கோட்டுப் பொத்தானைத் தேடியது. மாடசாமி அன்றைக்குச் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்ததுதான் இரண்டு வருடத்தில் அவன் அவருக்குச் செய்த பெரிய உதவி.

“ஸக்கரியா” என்றார் இத்ரூஸ் திடீரென்று. “உங்கட விசாரணை அறிக்கை எனக்கு எழுத்துல வேணும். இப்பவே. என்ன எழுதப் போறீங்க?”

அறை முழுக்க அவரைப் பார்த்தது. ஸக்கரியா பேனாவைத் திறந்தார். வெள்ளைத் தாளை மடியில் வைத்தார். நாலு பேர், ஒருத்தன், ஏற்றம், எடை என்று அந்தத் தர்க்கம் முழுவதும் அவருடைய மண்டைக்குள் தங்கம் மாதிரி மின்னிக்கொண்டிருக்கும் என்று மாடசாமிக்குத் தெரியும். அதை ஊருக்கே வாசித்துக் காட்டலாம். ஆறடிப் பலகையைப் பன்னிரண்டு அடியாக்கலாம்.

‘மேற்படி வாகனத்தில் கேட்கும் சத்தத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

இத்ரூஸ் வாசித்தார். மடித்தார். பையைத் திறந்து, கைப்பற்றல் படிவத்தை வெளியே எடுத்து, அறிக்கையோடு சேர்த்து நூருன்னிஸாவின் கையில் கொடுத்தார். அவள் அடுப்படிக்கு எடுத்துப் போனாள்.

அழகமுத்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் மட்டும் குலுங்கின.

“மாடசாமி” என்றார் இத்ரூஸ். “அந்தச் சத்தம் வெளியில கேக்காம பண்ண ஏலுமா?”

“ஏலும் சேர். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் பின்னுக்குத் திருப்பணும். பத்து நிமிச வேலை. நூத்துக்கு எண்பது பங்கு அடங்கிரும்.”

“மிச்சம் இருபது?”

“அது பாரத்துனால வர்றது. அரைப் புசல் எடை கொறைஞ்சா அதுவும் நின்னுரும்.”

“அரிசியைக் குறைக்க ஏலாது” என்றது அடுப்படியிலிருந்து நூருன்னிஸாவின் குரல்.

“டிரைவர் இல்லாம கார் ஓடாது” என்றார் ஸக்கரியா, துப்பறிகிற குரலில்.

அழகமுத்துவும் மாடசாமியும் ஸக்கரியாவும் மரியாதையாக வேறு வேறு திசைகளைப் பார்த்தார்கள். இத்ரூஸ் மெல்லக் குனிந்து, இடுப்புவாருக்கு மேலே தன் சட்டை பிதுங்கி நின்ற இடத்தைப் பார்த்தார்.

“சரி” என்றார். “அரிசியில கை வைக்காதீங்க. நான் குறையுறேன்.”